சுங்கை சிப்புட்டிலிருந்து தனி ஆளாகத் தீவுக்கு: மலிவான முழுத்தொகுப்புக் கடற்கரை விடுதியில் தங்க ஒரு வழிகாட்டி

"3 நாள் 2 இரவு, படகு, சாப்பாடு, ஸ்நோர்கெலிங் எல்லாம் சேர்த்து" என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்கள் அனைத்தும் இருவராகவோ குடும்பமாகவோ செல்பவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. தனியாகப் போக நினைக்கும் ஒருவர் அந்த விலையை நம்பிப் புறப்பட்டால் விலையிலும் பயணத்திலும் சாப்பாட்டிலும் அடுத்தடுத்துச் சிக்கல்களைச் சந்திப்பார். அந்தச் சிக்கல்கள் ஒவ்வொன்றையும் நான் பல இடங்களில் விசாரித்து, அலைந்து தீர்க்க வேண்டியிருந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் ஊரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் முதல் முறையாகத் தனியே செல்ல விரும்பும் தம்பி தங்கைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த அலைச்சல் மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

தீவைவிடத் தேதியே முக்கியம். நம்மவர்களுக்கு நீண்ட விடுப்புக் கிடைக்கும் காலம் தீபாவளி, பொங்கல், தைப்பூசத்தை ஒட்டியே அமைகிறது. கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை திரங்கானு மாநிலத்தின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடிக்கிடக்கும்; படகுச் சேவையும் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8 அன்று வருகிறது. அந்த வாரத்தில் யாராவது மிக மலிவான விலைக்குத் திரங்கானுத் தீவுத் தொகுப்பை விற்றால், விலை ஏன் அவ்வளவு குறைவு என்று முதலில் கேளுங்கள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலம் பாதுகாப்பானது. அதிலும் பள்ளி விடுமுறையைத் தவிர்த்துவிட வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு. கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வார இறுதி என்பது வெள்ளியும் சனியும் ஆகும். விடுதிகளும் "வார இறுதிக் கூடுதல் கட்டணம்" வாங்குகின்றன. அது வியாழன் இரவிலிருந்து கணக்கா, வெள்ளி இரவிலிருந்து கணக்கா என்பது விடுதிக்கு விடுதி மாறும். ஞாயிறு போய்ச் சேர்ந்து செவ்வாய் திரும்புவதே தனி ஆளுக்கு மலிவாக அமையும், கூட்டமும் குறைவு.

விடுப்பைப் பற்றி ஒரு சொல். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு குறைந்தபட்ச உரிமையாகும். மூன்று நாள் தங்குவதற்குப் போகவர இரண்டு இரவுகளும், திரும்பிய பின் ஓய்வுக்கு ஒரு நாளும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோனால் அந்த ஒரு நாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

2. எந்தத் தீவு

தனி ஆளுக்குப் பெர்ஹெந்தியானையே முதலில் பரிந்துரைப்பேன். அங்கே தனியாக வரும் பயணிகள் அதிகம் என்பதால் ஒற்றை அறைகளும் பலர் பகிரும் படுக்கை அறைகளும் கிடைக்கின்றன. ரெடாங் அழகான தீவுதான்; ஆனால் அங்கே தொகுப்புகள் பெரும்பாலும் குடும்பத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப அமைந்தவை, விலையும் கூடுதல். தியோமானுக்கு மெர்சிங்கிலிருந்து படகேற வேண்டும் என்பதால் பேராக்கிலிருந்து செல்பவருக்கு அது சுற்றுவழி.

பருவமழைக் காலத்தில்தான் விடுப்புக் கிடைக்கும் என்றால் பங்கோர் தீவுக்குச் செல்லுங்கள். லூமுட்டிலிருந்து ஆண்டு முழுவதும் படகு உண்டு. ஆனால் பங்கோர்க் கடலின் தெளிவு கிழக்குக் கரைக்கு ஈடாகாது. மாசிமகத்தின்போது அங்குள்ள பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் திரள்வதால் அந்த வாரத்தில் அறை கிடைப்பதும் கடினம். இனி வருவன பெரும்பாலும் பெர்ஹெந்தியானை வைத்தே எழுதப்பட்டுள்ளன.

3. "எல்லாம் சேர்த்து" என்றால் என்னென்ன சேர்த்து

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். பணம் நழுவுவது இங்கேதான்.

நம் நாட்டில் மலிவான தொகுப்பை "ஃபுல்போர்டு" என்று விற்கிறார்கள். வழக்கமாக அதில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, படகு, இரண்டு அல்லது மூன்று ஸ்நோர்கெலிங் பயணம் (முகக்கண்ணாடி அணிந்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) ஆகியவை அடங்கும். மதுபானம் அடங்காது. குளிர்பானமும் பல இடங்களில் தனிக் காசுதான். குடியும் விளையாட்டும் உள்படச் சேர்த்துத் தரும் விடுதி வேண்டுமானால் செராத்திங்கில் கிளப் மெட் போன்றவை உண்டு. அவை மலிவுக் கணக்கில் வாரா.

விளம்பரத்தில் உள்ள விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் "இருவர் ஓர் அறை" என்று இருக்கும். எடுத்துக்காட்டாக, இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 420 ரிங்கிட் என்று போட்டிருந்தால், விடுதி அந்த அறைக்கு எதிர்பார்க்கும் வரவு 840 ரிங்கிட். தனியாக வரும் உங்களிடம் 420-க்கு மேல் "ஒற்றையர் கூடுதல் கட்டணம்" கேட்பார்கள். ஓர் இடத்தில் அது 100 ரிங்கிட்டாக இருக்கும், இன்னோர் இடத்தில் முழு 420-ஐயும் கேட்பார்கள். ஆகவே இருவருக்கான விலையில் எந்த விடுதி மலிவோ அதுவே தனி ஆளுக்கும் மலிவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒப்பிட வேண்டியது ஒரே ஓர் எண்ணைத்தான்: ஓர் அறையில் ஓர் ஆள் தங்க, எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு. அதைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே பதில் வாங்குங்கள். மலாயில் கேட்பதானால் இப்படிக் கேட்கலாம்: "சாயா செஓராங் டிரி. பெராப்பா ஹார்கா பெனுஹ் உந்தோக் சத்து பிலிக், சத்து ஓராங், தெர்மாசுக் போட் டான் மாக்கான்?"

அதே செய்தியிலேயே பின்வருவனவற்றையும் கேட்டுவிடுங்கள்.

- படகுக் கட்டணம் இருவழிக்கும் சேர்ந்ததா? சேராவிட்டால் பெர்ஹெந்தியானுக்குப் படகேறும் கோலா பெசுட்டிலிருந்து இருவழிக்கும் ஏறத்தாழ 70 ரிங்கிட் கூடுதலாகும்.
- ஸ்நோர்கெலிங் பயணத்துக்குக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? தனி ஆளை மட்டும் பாதிக்கும் நிபந்தனை இது. கூட்டம் இல்லாத நாளில் "ஆள் சேரவில்லை" என்று பயணத்தை விட்டுவிடும் இடங்கள் உண்டு. மற்ற விருந்தினரோடு சேர்த்து அழைத்துச் செல்வார்களா என்று கேளுங்கள்.
- முகக்கண்ணாடி, மிதவைச் சட்டை, துடுப்புக் காலணி ஆகியவற்றில் எவை இலவசம், எவை வாடகை?
- விலை "நெட்" (பின்னால் எதுவும் சேராத முழு விலை) தானா? விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உள்ள சேவை வரியும் பின்னால் சேரும். 200 ரிங்கிட் அறை அப்போது 236 ரிங்கிட்டை எட்டிவிடும்.
- முதல் நாளில் எந்த வேளைச் சாப்பாட்டிலிருந்து தொடக்கம், கடைசி நாளில் எதுவரை? பெரும்பாலும் முதல் நாள் மதிய உணவில் தொடங்கிக் கடைசி நாள் பசியாறலோடு (காலை உணவு) முடியும். மாலைப் படகில் போய்ச் சேர்ந்தால் மதிய உணவும் அன்றைய கடல் பயணமும் போனது போனதுதான். யாரும் காசைக் கழித்துத் தர மாட்டார்கள்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. பலர் பகிரும் படுக்கை அறையில் ஒரு படுக்கையை மட்டும் எடுத்து, சாப்பாட்டையும் கடல் பயணத்தையும் தனித்தனியே வாங்கினால் சில சமயம் தொகுப்பைவிட மலிவாக முடியும். முதல் முறை செல்பவருக்கு, அதுவும் பெண்ணாக இருந்தால், நான் இதைச் சொல்ல மாட்டேன். தாழ்ப்பாளிட்டுக் கொள்ளும் தனி அறைக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் செலவல்ல.

4. பணம் கட்டுவதற்கு முன்

விடுதியிடமே நேரடியாகப் பதிவு செய்வது நல்லது. இடைத்தரகர் வழியாகத்தான் என்றால், சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு வழங்கிய உரிம எண்ணைக் கேட்டு, அமைச்சின் இணையத்தளத்தில் அது உண்மையா என்று பாருங்கள். பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் கணக்காக இருந்தால், காவல்துறையின் "செமாக் மியூல்" தளத்தில் அந்தக் கணக்கு எண்ணை இட்டுப் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். அங்கே புகார் எதுவும் பதிவாகவில்லை என்பது மட்டும் ஒரு கணக்கை நம்பகமானதாக்கிவிடாது. ஆனால் புகார் பதிவாகியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த உடனே 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மைய எண்ணை அழையுங்கள். நேரம் கடந்தால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாமல், முன்பணம் மட்டும் கட்டி மீதியை விடுதியில் செலுத்த முடியுமா என்று கேளுங்கள். இரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும், தேதியை மாற்றலாமா, படகு ஓடாவிட்டால் என்ன செய்வார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

5. ஆவணங்கள்

அடையாள அட்டையான மைகார்டின் அசலைக் கொண்டு செல்லுங்கள். கைப்பேசியில் உள்ள படம் போதாது. கடல் பூங்காக் கட்டணம் மலேசியப் பெரியவருக்கு 5 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு 30 ரிங்கிட் என்பதால் படகுத்துறை முகப்பில் அட்டையைக் கேட்பார்கள். கட்டிய ரசீதைத் திரும்பும்வரை வைத்திருங்கள்.

நம்மவர்களில் இன்னும் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர் உள்ளனர். வெளிநாட்டவரிடம் ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு 10 ரிங்கிட் என வாங்கப்படும் சுற்றுலா வரியிலிருந்து நிரந்தரவாசிகளுக்கும் விலக்கு உண்டு. முகப்பில் உள்ள இளம் பணியாளருக்கு இது தெரியாமல் போகலாம். அட்டையைக் காட்டி, நிரந்தரவாசிக்கு விலக்கு உண்டு என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

இவற்றோடு பதிவுச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, விலையை உறுதிசெய்த வாட்ஸ்அப் உரையாடலின் படம், பேருந்துச் சீட்டு ஆகியவற்றைக் கைப்பேசியில் சேமிப்பதோடு ஒரு தாளிலும் அச்சிட்டு, தண்ணீர் புகாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள். தீவின் சில கரைகளில் இணையத் தொடர்பு மெதுவாகவே இருக்கும். வீட்டில் ஒருவரிடம் இதே தாளின் இன்னொரு படி இருக்கட்டும்.

6. சுங்கை சிப்புட்டிலிருந்து படகுத்துறைவரை

இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி கோலாலம்பூர் வழியாகச் செல்வது. ஈடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், கொமுட்டர் ரயிலில் பண்டார் தாசிக் செலாத்தான் இறங்கினால் டிபிஎஸ் பேருந்து முனையம் அங்கேயே இருக்கிறது. அங்கிருந்து கோலா பெசுட்டுக்கு நேரடி இரவுப் பேருந்து கிடைக்கும். கட்டணம் 50 ரிங்கிட்டை ஒட்டி இருக்கும். விடியற்காலையில் படகுத்துறை அருகிலேயே இறக்கிவிடுவார்கள். வழி சுற்று, ஆனால் இடையில் யாரையும் வாகனத்துக்குக் கெஞ்ச வேண்டியதில்லை என்பதால் தனியே செல்லும் பெண்களுக்கு இதையே சொல்வேன்.

இரண்டாவது, ஈப்போ அமான் ஜெயா முனையத்திலிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியாகக் கோத்தா பாரு செல்லும் பேருந்து. முனையம் மேரு ராயாவில், நம் ஊர்ப்பக்கமாகவே இருப்பதால் ஈப்போ நகருக்குள் போகத் தேவையில்லை. கோத்தா பாருவில் இறங்கிக் கோலா பெசுட்டுக்கு வாடகைக் காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்தக் கார்க் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாதபோது, மிச்சம் பிடித்த காசு அங்கேயே கரைந்துவிடும்.

எந்த வழியானாலும், இரவில் முனையத்துக்குச் செல்லக் கைப்பேசியில் அழைக்கும் கிராப் வண்டியை நம்பி இருக்காதீர்கள். தெரிந்த அண்ணன் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வழியில் ஜெர்தேயில் வண்டி நின்றால் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஊரிலேயே எடுத்துச் செல்லுங்கள். பெர்ஹெந்தியானில் ஏடிஎம் கிடையாது. அறைச் சாவிக்கு முன்வைப்பாக 50 ரிங்கிட் ரொக்கம் கேட்பது பல விடுதிகளின் வழக்கம். புறப்படும்போது திருப்பித் தருவார்கள்.

காலைப் படகிலேயே ஏறிவிடுங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் விரைவுப்படகின் முன்பகுதி அலையில் தூக்கித் தூக்கிப் போடும். முதுகு வலி உள்ளவர்கள் பின்வரிசையில் உட்காருங்கள். பெர்ஹெந்தியான் என்பது இரண்டு தீவுகள், பல கரைகள். படகோட்டியிடம் கரையின் பெயரைவிட விடுதியின் பெயரைச் சொல்லுங்கள். சில கரைகளில் பெரிய படகு அணைய முடியாமல் சிறு படகுக்கு மாற வேண்டும். அதற்குச் சில்லறை வைத்திருங்கள்.

7. சாப்பாடு

இதைப் பதிவு செய்யும்போதே பேசிவிட வேண்டும். தீவில் வேறு கடையைத் தேடிப் போக முடியாத விடுதிகள் உண்டு. வைக்கும் பந்தியில் நமக்கு ஆகாதவை இருந்தால் வெறும் சோற்றோடும் முட்டையோடும் நாள் கழியும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் "சாயா தீடாக் மாக்கான் டாகிங் லெம்பு" என்று முன்பே தெரிவித்துவிட்டால் கோழியோ மீனோ தருவார்கள். இரவு உணவுக்கு நெருப்பில் வாட்டும் இறைச்சிகள் ஒரே தட்டிக் கம்பியில் போடப்படுகின்றன என்பதால், தனியாக வாட்டித் தரும்படி முதலிலேயே கேளுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு "சாயூர்" (காய்கறி) என்று சொல்வது மட்டும் போதாது. கங்கோங் கீரையில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும், கலவைக் காய்கறியில் சிப்பிச் சாறு இருக்கும். "தன்பா பெலாச்சான், தன்பா இக்கான் பிலிஸ், தன்பா சோஸ் தீராம்" என்று பொருள் பொருளாகச் சொல்ல வேண்டும். செவ்வாய், வெள்ளி மட்டும் சைவம் என்பவர்கள் அந்த நாட்களைக் குறித்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் நான் முன்பு சொன்ன ஞாயிறு முதல் செவ்வாய்வரை என்ற கணக்கைச் சனியிலிருந்து திங்கள்வரை என மாற்றி அமைத்துக்கொள்ளலாம். சனி இரவுக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், பருப்புப் பொடி, கொஞ்சம் முறுக்கு ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. அறையும் கடலும்

அறைக்குள் நுழைந்ததும் தாழ்ப்பாளையும் சன்னல் கொக்கியையும் சரிபாருங்கள். சரியில்லாவிட்டால் பையைப் பிரிப்பதற்கு முன்பே வேறு அறை கேளுங்கள். வரிசையின் கடைசியில் உள்ள அறையைவிட, முகப்புக்கோ சாப்பாட்டுக் கூடத்துக்கோ அருகில் உள்ள அறை தனி ஆளுக்கு நல்லது. மின்னாக்கி எந்நேரமும் ஓடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. அதை மறைக்காதீர்கள். படகேறும்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால் மிதவை வளையத்தைப் பிடித்தபடி உங்களைக் கூட்டிச் செல்வார். மிதவைச் சட்டையின் கொக்கிகளை எல்லாம் மாட்டுங்கள். கூட வரும் யாராவது ஒருவரிடம் "நான் தனியாக வந்திருக்கிறேன், என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வையுங்கள். அக்கா, அண்ணன் என்று அழைத்துப் பேசினால் எந்த இனத்தவரும் மறுப்பதில்லை. படகுகள் வந்துபோகும் பகுதியில் மிதவைக் கயிற்றைத் தாண்டி நீந்தாதீர்கள். கரையிலிருந்து தனியே கடலில் இறங்குவதை மாலை நேரத்தில் அறவே தவிர்க்க வேண்டும். பெரிய மருத்துவமனை கரைக்கு அப்பால் ஜெர்தேயில்தான் உள்ளது. அன்றாடம் சாப்பிடும் மருந்து இருந்தால் இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

9. மொத்தம் எவ்வளவு ஆகும்

வார நாளில், காற்றாடி அறையில், தனி ஆளுக்குத் தொகுப்பு 500 முதல் 650 ரிங்கிட் வரை ஆகலாம். குளிர்சாதன அறை இன்னும் கூடும். ரயிலும் பேருந்தும் போகவர 200 ரிங்கிட் என்று வையுங்கள். பூங்காக் கட்டணம், கருவி வாடகை, தண்ணீர், வழிச் சாப்பாடு ஆகியவற்றுக்கு 100 ரிங்கிட். ஆகவே 950 ரிங்கிட் கையில் இல்லாமல் புறப்பட வேண்டாம். இதற்கு மேல் 150 ரிங்கிட் தொடாமல் இருக்கட்டும். படகு நின்றால் கோலா பெசுட்டில் ஓர் இரவு தங்க அது உதவும்.

10. திரும்பும் நாளும், ஏதாவது பிசகினால் செய்ய வேண்டியதும்

திரும்பும் படகின் நேரத்தை முதல் நாள் மாலையே முகப்பில் பதிவு செய்யுங்கள். நண்பகலுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கோலாலம்பூர்ப் பேருந்தோ பெரும்பாலும் இரவில்தான். இடைப்பட்ட நேரத்தில் பையைப் படகுத்துறையில் உள்ள பயண முகவர் கடையில் வைத்துவிட்டுப் போகலாம். வரும்போதே கேட்டு வைத்தால் பெரும்பாலும் இலவசமாகவே ஒப்புக்கொள்வார்கள். கடைசிப் படகை நம்பி அன்றிரவுப் பேருந்துக்குச் சீட்டு வாங்காதீர்கள்.

சொன்னது தரப்படாவிட்டால் அங்கேயே, விருந்தினராக இருக்கும்போதே, முகப்பில் எழுத்தில் தெரிவித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீவை விட்டு வந்தபின் பேசினால் அலைக்கழிப்பார்கள். அந்த அலைச்சல் எனக்குத் தெரியும். அப்படியும் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரக்கூடிய தொகை 50,000 ரிங்கிட் வரை, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலும் பதியலாம், நேரில் செல்ல விரும்பினால் ஈப்போவுக்குப் போக வேண்டியிருக்கும். நான் மேலே எழுத்தில் வாங்கச் சொன்ன விலை, நிபந்தனை, ரசீது ஆகிய மூன்றையும்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.